ஒளிவட்டுப் பதிவில் கூட்டலும் கழித்தலும்

செஞ்சி நகருக்கு வடக்கே, சிங்கவரத்துக்கு அருகில், திருநாதர்குன்று என்றொரு சிறு பாறைக் குன்று உளது. இருபத்து நான்கு தீர்த்தங்கரரின் உருவங்கள் அதன் பாறையொன்றில் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அங்கேயுள்ள பழைய கல்வெட்டு ஒன்று, ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்த சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியரின் நினைவைக் கூறுகிறது. தமிழ் எழுத்தின் வரலாற்றை ஆராய்வோர் ‘ஐ’ என்னும் உயிரெழுத்துக்கு மிகப் பழைய சான்றாக இக்கல்வெட்டைக் காட்டுவர். ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாக மழையிலும் வெயிலிலும் கிடந்த அந்த எழுத்தைப் படிக்க நமக்கு வேண்டுவன இரண்டே: கண்ணும், எழுத்தறிவும்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதற்கு முற்றிலும் மாறான ஒரு பதிவைப் பற்றியது. செஞ்சி வட்டத்து வீடுகளில் பீரோவைத் திறந்து பாருங்கள். பட்டுப் புடவைகளுக்கு அடியிலோ, நிலப்பத்திரங்களோடு சேர்ந்தோ, சில பிளாஸ்டிக் உறைகள் இருக்கும். அக்காளின் திருமணம், தம்பியின் காதணி விழா, பாட்டனாரின் அறுபதாம் ஆண்டு நிறைவு, ஊர்த் திரௌபதியம்மன் விழாவில் விடிய விடிய ஆடிய கூத்து ஆகியவை அவ்வுறைகளினுள் டிவிடி வட்டுகளாக உறங்குகின்றன. இவற்றுட் பல, இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலும் அதையடுத்த சில ஆண்டுகளிலும் பதியப்பெற்றவை. இன்று எடுத்து ஓட்டினால் ஒன்று ஓடுகிறது. அதே அளவும் அதே பளபளப்பும் உடைய மற்றொன்றைப் போட்டால், ‘வட்டு இல்லை’ என்று கருவி கைவிரிக்கிறது. கீறலும் இல்லை, கறையும் இல்லை. பின்னர் ஏன் ஓடவில்லை? வட்டின் விளிம்பில் மிகச் சிறிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும் ஒரு கூட்டற் குறியிலோ ஒரு சிறு கோட்டிலோ விடை மறைந்திருக்கலாம். அந்தக் குறிகளின் வரலாற்றைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் வட்டின் அமைப்பு. டிவிடி என்பது 12 சென்டிமீட்டர் குறுக்களவும் 1.2 மில்லிமீட்டர் கனமும் உள்ள ஒரு தட்டு. உண்மையில் அஃது ஒரு தட்டன்று, 0.6 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு பாலிகார்பனேட் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கிறார்கள். செய்தி இருக்கும் படலம் அவ்விரண்டுக்கும் நடுவே, அப்பளத்துக்குள் வைத்த பூரணம் போல, பாதுகாப்பாக அமைந்திருக்கிறது. நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கிச் சுருள் சுருளாகச் செல்லும் ஒரே தடம். அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே உள்ள தொலைவு 0.74 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்தச் சுருளைப் பிரித்து நேராக நீட்டினால் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளும். செஞ்சிக் கோட்டையின் மதில்கள் மொத்தம் 13 கிலோமீட்டர் என்று கணக்கிடுகின்றனர். கோட்டையைச் சுற்றி வரும் வழியில் பெரும்பகுதியை உள்ளங்கையில் அடங்கும் ஒரு தட்டுக்குள் சுருட்டி வைத்ததாக எண்ணிக்கொள்ளலாம்.

இத்தடத்தை 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் கதிர் படிக்கிறது. கதிர் நன்கு திரும்பி வரும் இடமும், மங்கலாகத் திரும்பி வரும் இடமும் மாறி மாறி வருவதிலிருந்தே கருவி செய்தியை அறிகிறது. கடையில் விற்ற திரைப்பட வட்டுகளில் இந்த வேறுபாடு அச்சிட்டது போலக் குழிகளாக அழுத்தப்பட்டிருக்கும். வீட்டில் அவ்வாறு குழி அழுத்த இயலாது. ஆகவே இரண்டு வழிகளைக் கண்டனர். ஒன்று சாய வழி. தடத்தின்மேல் கரிமச் சாயம் ஒன்றைப் பூசி வைத்து, வலிமையான லேசரால் அதைப் புள்ளி புள்ளியாகச் சுடுவது. சுட்ட சாயம் மீளாது. ஒருமுறை எழுதினால் எழுதியதுதான். பெயரின் ஈற்றில் ‘ஆர்’ என்று முடியும் வட்டுகள் இவ்வகையின. மற்றொன்று உலோக வழி. ஒரு கலப்புலோகப் படலத்தை உருக்கி உடனே குளிரவிட்டால் அதன் அணுக்கள் ஒழுங்கின்றி உறைந்து மங்குகின்றன. உருகுநிலைக்குக் கீழான மிதமான சூட்டில் சிறிது நேரம் வைத்தால் மீண்டும் படிகமாக ஒழுங்குபட்டு ஒளிர்கின்றன. ஆகவே அழித்து அழித்து எழுதலாம். ‘ஆர்டபிள்யூ’ என்று முடிவன இவை. இவ்வகை வட்டு திருப்பி அனுப்பும் ஒளி, அச்சிட்ட வட்டு அனுப்புவதிற் பாதிக்கும் குறைவு. பழைய பிளேயர்கள் சில இதைக் கண்டு, இஃது இரட்டைப் படலம் உள்ள திரைப்பட வட்டு போலும் என்று மயங்கித் தடுமாறியதுண்டு.

இதுவரையில் சண்டைக்கு இடமில்லை. சண்டை பிறந்தது வேறோர் இடத்தில். எழுதாத வெற்று வட்டு ஒன்று கருவிக்குள் சுழல்கிறது என்று கொள்ளுங்கள். வழியில் செய்தி ஒன்றுமே இல்லை. தான் இப்போது எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதை லேசர் எவ்வாறு அறியும்? இருட்டில் புதிய சாலையில் வண்டி ஓட்டுபவனுக்கு உள்ள கேள்வியே இது. இதற்கு மூன்று குழுவினர் மூன்று விடை கூறினர்.

முதல் விடை, சாலையோரத்தில் மைல்கல் நடுவது. தடங்களுக்கு இடைப்பட்ட வரப்பில் ஆங்காங்கே சிறு குழிகளை முன்கூட்டியே பொறித்து, அவற்றால் இடத்தைக் காட்டினார்கள். டிவிடி-ஆர், டிவிடி-ஆர்டபிள்யூ ஆகியவை இவ்வாறு அமைந்தவை. இரண்டாம் விடை, மைல்கல் வேண்டா, சாலையின் வளைவுகளே இடத்தைச் சொல்லட்டும் என்பது. தடத்தையே நுண்ணிய பாம்பு நெளிவாக வெட்டி, அந்நெளிவின் மாற்றங்களிலேயே இடக்குறிப்பைப் பொதிந்துவைத்தார்கள். டிவிடி+ஆர், டிவிடி+ஆர்டபிள்யூ ஆகியவை இவ்வழியின. முதல் வகைத் தடத்திலும் நெளிவு உண்டு. ஆயினும் இரண்டாம் வகையின் நெளிவு அதனினும் ஏறத்தாழ ஆறு மடங்கு நெருக்கமானது. அதனால் எழுதுவதை ஓரிடத்தில் நிறுத்தி, மீண்டும் அதே இடத்தில் இம்மியும் பிசகாமல் தொடங்குவது இவ்வகையில் எளிதாயிற்று. மூன்றாம் விடை டிவிடி-ராம். இது நிலத்தை அளந்து பாத்தி பிரிப்பது போன்றது. வட்டு முழுவதையும் சிறு சிறு கட்டங்களாகத் தொழிற்சாலையிலேயே பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண் இட்டுவிட்டார்கள். வரப்பிலும் எழுதலாம், வாய்க்காலிலும் எழுதலாம். இவ்வட்டைச் சாய்த்துப் பிடித்தால் அந்தச் சிறு செவ்வகக் குறிகளை வெறுங் கண்ணாலேயே காணலாம். இதை ஓர் இலட்சம் முறை அழித்து எழுதலாம் என்றும், ஆர்டபிள்யூ வட்டுகளை ஆயிரம் முறை அழித்து எழுதலாம் என்றும் செய்தவர்கள் கூறினர்.

குறிகளைப் பற்றி ஒரு வேடிக்கை. முதற் குழுவினர் ‘டிவிடி’க்கும் ‘ஆர்’க்கும் இடையே இட்டது வெறும் இணைப்புக் கோடு. பின்னர் வந்தவர்கள் கூட்டற் குறியை இட்டுக்கொள்ளவே, முன்னையதைக் கழித்தற் குறி என்றே உலகம் படிக்கத் தொடங்கிற்று. ‘அது கழித்தல் அன்று, கோடு’ என்று அவர்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். கடைக்குச் சென்றவன் ‘மைனஸ் ஆர் ஒன்று கொடுங்கள்’ என்றுதான் கேட்டான்.

இத்தனை பிரிவுக்கும் காரணம் அறிவியல் மட்டும் என்று கொண்டால் தவறாகும். டிவிடி பிறப்பதற்கு முன்னரே, சோனியும் பிலிப்ஸும் ஒரு பக்கமாகவும், டோஷிபாவும் அதன் தோழமை நிறுவனங்களும் மறுபக்கமாகவும் நின்றன. 1995-ஆம் ஆண்டில் கணிப்பொறி நிறுவனங்கள் வற்புறுத்தியதன் பேரிலேயே இரு சாராரும் இணங்கி ஒரே வட்டுக்கு ஒப்புக்கொண்டனர். 1996-ஆம் ஆண்டு நவம்பரில் ஜப்பானில் முதல் பிளேயர் விற்பனைக்கு வந்தது. டிவிடி மன்றம் என்னும் பொது அமைப்பின் சார்பில் 1997-இல் பயனியர் நிறுவனம் டிவிடி-ஆரைக் கொணர்ந்தது. 1998-இல் ராம் வந்தது. 1999-இல் ஆர்டபிள்யூ வந்தது. பிலிப்ஸ், சோனி, ஹியூலெட்-பக்கார்டு, ரிக்கோ, யமஹா முதலியன தனிக்கூட்டணி அமைத்து 2001-இல் டிவிடி+ஆர்டபிள்யூவையும், 2002-இல் டிவிடி+ஆரையும் வெளியிட்டன. ஒரு வகை உலகெங்கும் நிலைபெற்றுவிட்டால், விற்கும் ஒவ்வொரு வட்டுக்கும் ஒவ்வொரு கருவிக்கும் உரிமத் தொகை அதன் காப்புரிமையாளருக்கு வந்து சேரும். மைல்கல்லா வளைவா என்ற வாதத்துக்குப் பின்னே அந்தத் தொகையும் நின்றது. இந்தக் குடும்பத்துக்கு இச்சண்டை புதிதும் அன்று. 1975-இல் சோனி கொணர்ந்த பீட்டாமாக்ஸ் நாடாவும், 1976-இல் ஜேவிசி கொணர்ந்த விஎச்எஸ் நாடாவும் மோதியபோது, முன்னது ஒரு மணி நேரமே ஓட, பின்னது இரண்டு மணி நேரம் ஓடிற்று. பீட்டாமாக்ஸ் தோற்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

நேரக் கணக்கு என்றவுடன் எனக்குக் கூத்துதான் நினைவுக்கு வருகிறது. செஞ்சியை அடுத்த மேலச்சேரி, திரௌபதியம்மன் வழிபாட்டில் தலைமை இடம் பெற்ற ஊர். இப்பகுதியின் பாரதக் கூத்து இரவு பத்து மணியளவில் தொடங்கிப் பொழுது விடியும் மட்டும் நடக்கும். எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். அதை வட்டில் ஏற்ற முயல்வோம். கணக்கு எளிது, மாணவர்கள் தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ளலாம்.

நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் டிவிடிப் படம் ஒன்றில் 720 பெருக்கல் 576 புள்ளிகள். நொடிக்கு 25 படங்கள். புள்ளி ஒன்றுக்குச் சராசரி 12 பிட்டுகள். பெருக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 12 கோடியே 44 இலட்சம் பிட்டுகள் ஆகின்றன. வட்டின் கொள்ளளவோ 4.7 கிகாபைட், அதாவது 3,760 கோடி பிட்டுகள். வகுத்துப் பாருங்கள்: ஐந்தே நிமிடத்தில் வட்டு நிரம்பிவிடும்! ஆகவே படத்தைச் சுருக்கியே தீரவேண்டும். எம்பெக்-2 என்னும் சுருக்கு முறை, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே மாறாத பகுதியைத் திரும்ப எழுதாமல், மாறியதை மட்டும் எழுதுகிறது. பதிவுக் கருவிகளில் ஒரு மணி, இரண்டு மணி, நான்கு மணி, ஆறு மணி என்று நால்வகை வேகங்கள் இருந்தன. இரண்டு மணி வேகத்தில் நொடிக்கு 52 இலட்சம் பிட் கிடைக்கும். நான்கு மணி வேகத்தில் 26 இலட்சம். ஆறு மணி வேகத்தில் 17 இலட்சம்தான்.

கட்டியங்காரன் நின்ற இடத்தில் நின்று நகைச்சுவை பேசும்போது மாறுவது வாயும் கையும் மட்டுமே. 17 இலட்சமும் போதும். கண்ணாடிச் சில்லுகள் பதித்த கிரீடமும் புயக்கட்டைகளும் அணிந்த துரியோதனன் திரையை விலக்கிச் சுழன்று சுழன்று ஆடத் தொடங்கினால், ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு நொடியும் மாறுகிறது. அப்போது பிட் போதாமல் படம் கட்டம் கட்டமாகச் சிதறும். ‘எட்டு மணிக் கூத்தை இரண்டே வட்டில் அடக்கித் தருகிறேன்’ என்று சொன்ன படப்பிடிப்பாளரைக் காட்டிலும், ‘நான்கு வட்டு ஆகும்’ என்று சொன்னவரே கூத்தை அறிந்தவர் என்பது என் கருத்து. எந்த வகை வட்டானாலும் இக்கணக்கு ஒன்றே. கூட்டலுக்கும் கழித்தலுக்கும் ஒரே 4.7 கிகாபைட்தான். அதே வட்டைக் கணிப்பொறியில் இட்டால் 4.38 என்று காட்டும். வட்டு செய்பவர் கிகாவை நூறு கோடி என்று கொள்ள, கணிப்பொறி அதை இரண்டின் முப்பதாம் அடுக்கு என்று கொள்வதே அவ்வேறுபாடு; எவரும் எவரையும் ஏமாற்றவில்லை.

வகைகள் வேறுபட்டது பயன்பாட்டில். டிவிடி-ஆரில் பதிந்து முடித்தபின், ‘பைனலைஸ்’ என்னும் கட்டளையைக் கொடுத்து வட்டை முடித்து வைத்தல் வேண்டும். அது வட்டுக்குப் பொருளடக்கம் எழுதிக் கட்டுவது போன்றது. முடிக்காத வட்டு, பதிந்த கருவியில் ஓடும். பக்கத்து வீட்டில் ஓடாது. முடித்துவிட்டாலோ, நான்கு வகைகளினும் மிகுதியான பிளேயர்களில் ஓடியது இதுதான் என்னலாம். டிவிடி+ஆரும் முடிக்கப்பட வேண்டியதே; ஆயினும் ‘நான் அச்சிட்ட வட்டு’ என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் குறிப்பை அதில் எழுதிவைக்கச் சில கருவிகளால் இயன்றது. பழைய பிளேயரை ஏமாற்ற அது நல்ல உத்தி. டிவிடி-ஆர்டபிள்யூவில் இரு முறைகள் இருந்தன. ஒன்றில் வேண்டாத காட்சிகளை வெட்டலாம், வரிசையை மாற்றலாம், ஆனால் வேறு கருவிகளிற் பெரும்பாலும் ஓடாது. மற்றொன்றில் ஓடும், ஆனால் வெட்டுதல் அரிது. டிவிடி+ஆர்டபிள்யூ முடித்து வைக்கும் தொல்லையின்றியே பல பிளேயர்களில் ஓடியது. ஓரளவு திருத்தவும் இடந்தந்தது. பதிவுக் கருவி என்ற அளவில் சிறந்தது டிவிடி-ராம் என்பதில் எனக்கு ஐயமில்லை. பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே தொடக்கத்திலிருந்து பார்க்கலாம். நடுவில் வெட்டினால் வெட்டிய இடம் உடனே மறு பதிவுக்குக் கிடைக்கும். ஆனால் அதைப் படிக்கும் பிளேயர்களோ மிகச் சில. திருமண வீட்டார் பத்து உறவினருக்குப் பத்துப் படி கொடுக்க விரும்புவர். பத்து வீட்டிலும் ஓடாத வட்டு எவ்வளவு சிறந்ததாயினும் யாருக்கு வேண்டும்?

எங்கள் பகுதியில் இக்கேள்விக்கு விடை கண்டவர்கள் படக்கடைக்காரர்கள். வீட்டில் தனிப் பதிவுக் கருவி வாங்கியவர் மிகச் சிலர். கடைக்காரர் ஒரு மணி நேரச் சிறு நாடாக்களில் படம் பிடித்து, கணிப்பொறியில் வெட்டி ஒட்டி, விலை குறைந்த ‘ஆர்’ வட்டில் எரித்துக் கொடுத்துவிடுவார். ‘எரித்தல்’ என்றே அவர்களும் சொல்வர். லேசர் சாயத்தைச் சுடுவதற்கு அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. விலை குறைந்ததற்கு நம் நாட்டிலேயே வட்டு செய்த மோசர் பேயர் நிறுவனமும் ஒரு காரணம். தில்லியை அடுத்த நொய்டா பகுதியில் இயங்கிய அந்நிறுவனம் உலகிலேயே பெரிய வட்டு உற்பத்தியாளர்களுள் ஒன்றாக இருந்தது. தமிழ்த் திரைப்படங்களையும் குறைந்த விலை வட்டுகளாக வெளியிட்டது. 2018-ஆம் ஆண்டில் அதைக் கலைத்துவிடும்படி தீர்ப்பாயம் ஆணையிட்டது.

வகைச் சண்டையில் யார் வென்றார்? ஒருவரும் இல்லை. செஞ்சியில் இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள் தனித்தனி அரண்களோடு நிற்கின்றன. ஆயினும் ஒரு பெருமதில் மூன்றையும் வளைத்து ஒரே கோட்டையாக்கிவிட்டது. இங்கும் அதுவே நடந்தது. 2002-இல் சோனி, கூட்டலையும் கழித்தலையும் ஒருங்கே எழுதும் கணிப்பொறிக் கருவியை வெளியிட்டது. பின்னர் ராமையும் சேர்த்து மூன்றையும் எழுதும் கருவிகள் சாதாரணமாயின. பிறகு வட்டின் குறியைப் பார்த்து வாங்குவோர் குறைந்தனர். அதன் பின் நீல லேசரில் புளூ-ரே, எச்டி டிவிடி என்று அடுத்த போர் மூண்டு, 2008-ஆம் ஆண்டு பிப்ரவரியில் டோஷிபா பின்வாங்கியதோடு முடிந்தது. ஆனால் அதற்குள் மக்கள் நினைவு அட்டைக்கும் கைப்பேசிக்கும் நகரத் தொடங்கியிருந்தனர். இன்று விற்கும் மடிக்கணினிகளிற் பெரும்பாலானவற்றில் வட்டு இடும் வாயே இல்லை.

வட்டு எவ்வளவு காலம் இருக்கும் என்று என்னைக் கேட்போர் பலர். கரிமச் சாயம் வெயிலுக்கும் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் அஞ்சுவது. சித்திரை வைகாசியில் பாறை சூடேறி இரவிலும் அனல் வீசும் நம் ஊர், அதற்கு உகந்த இடமன்று. கல்லைப் போன்ற கனிமப் படலத்தில் எழுதும் எம்-டிஸ்க் என்னும் வட்டு வகையும் வந்தது. ஆயிரம் ஆண்டு இருக்கும் என்று செய்தவர்கள் கூறினர். இருக்கலாம். திருநாதர்குன்றைப் பார்த்த நமக்கு அது பெரிய காலமும் அன்று. ஆனால் அதைப் படிக்கச் சிவப்பு லேசர் கருவியை யார் ஆயிரம் ஆண்டு காத்துத் தருவார்? 2016-ஆம் ஆண்டு ஜூலையில் ஜப்பானின் பூனாய் நிறுவனம் விஎச்எஸ் கருவி செய்வதை நிறுத்தியபோது, உலகில் அதைச் செய்ய வேறு எவரும் இருக்கவில்லை. நாடாக்கள் நல்லபடி கிடந்தும் பயனில்லாமற் போன வீடுகள் பல.

ஆதலால் வீட்டிலுள்ள வட்டுகளை இந்த விடுமுறையிலேயே மாணவர்கள் எடுத்துப் பார்ப்பது நலம். கணிப்பொறியோடு வெளியிலிருந்து இணைக்கும் வட்டுக் கருவி ஒன்று போதும்; மூன்று வகையும் படிக்கும் என்று அதன்மேல் குறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குக. வட்டை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்தல் வேண்டும். சுற்றிச் சுற்றித் துடைத்தால் கீறல் தடத்தோடு ஒட்டியே ஓடிப் பெருங்கேடு விளைவிக்கும். முதலில் ஓடாத வட்டுகளைக் கவனியுங்கள். பைனலைஸ் செய்யப்படாத வட்டாயின், அதைப் பதிந்த பழைய கருவி வீட்டிலோ கடையிலோ இன்னும் உயிரோடிருந்தால், முதலில் அதில் இட்டு முடித்து வைத்துக்கொள்க. பிளேயர் மறுத்த வட்டைக் கணிப்பொறி பல வேளைகளில் ஏற்றுக்கொள்ளும். உள்ளிருக்கும் கோப்புகளை வேறு வடிவுக்கு மாற்றாமல் அப்படியே நகலெடுங்கள். மீண்டும் சுருக்கினால், முன்பே சுருங்கிய துரியோதனன் இன்னும் சிதறிப்போவான். நகலை இரண்டு தட்டுகளில் எழுதி, ஒன்றை வேறு வீட்டில் வைத்தல் வேண்டும். எடுத்த நகலை முதலிலிருந்து கடைசி வரையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகே வட்டை உறையிலிட்டு, வெயில் படாத இடத்தில், படுக்க வைக்காமல் நிமிர்த்தி வையுங்கள், எறிந்துவிட வேண்டா.